நான் சொன்ன ஒன்பதரை, இவர் சொன்ன இரண்டு

1

அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு எங்கள் வீட்டில் நாற்காலி போட்டு ஏறும் நாள். சமையலறைச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. பெரிய வட்டக் கடிகாரம் இந்த ஊர் மணியைக் காட்டும். பக்கத்தில் இருக்கும் சின்னச் சதுரக் கடிகாரம், என் கல்யாணத்துக்கு நகை எடுத்தபோது காரைக்கால் கடைக்காரர் அன்பளிப்பாகக் கொடுத்தது. அது காரைக்கால் மணியைக் காட்டும். குளிர்காலம் வருகிறது என்று பிரெஞ்சு அரசாங்கம் இன்றைக்கு எல்லாரையும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளச் சொல்கிறது. மார்ச் கடைசியில் முன்னால் தள்ளச் சொல்லும். கைப்பேசி தானாக மாறிக்கொள்கிறது. சுவர்க் கடிகாரத்துக்குத்தான் ஆள் ஏற வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் என் மகள் ஸஃபியா. வயது பதினான்கு.

“உம்மா, சின்னதையும் மாத்தணுமா?”

வருஷா வருஷம் கேட்கிறாள். தெரியாமல் கேட்பதில்லை, என் வாயைக் கிளறுவதற்காகக் கேட்கிறாள்.

“அதத் தொடாத. நம்ம ஊருல மணி மாறாது.”

“உங்க ஊருல” என்று திருத்தினாள். பிறகு அவளுக்கே என்னவோபோல் ஆகியிருக்க வேண்டும். இறங்கும்போது சின்னக் கடிகாரத்தின் மேலிருந்த தூசியைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டாள்.

கோடையில் இரண்டு கடிகாரத்துக்கும் இடையே மூன்றரை மணி நேரம். இன்றிலிருந்து நாலரை. கடல் அப்படியேதான் கிடக்கிறது, விமானம் பறக்கும் தூரமும் கூடவில்லை. ஆனாலும் வருடத்தில் ஒரு நாள் நான் தூங்கி எழுவதற்குள் காரைக்கால் ஒரு மணி நேரம் தள்ளிப் போய்விடுகிறது. பதினாறு வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. கீழ்வீட்டில் இருக்கும் பிரெஞ்சு அம்மாள், மதாமிடம் ஒரு தடவை இதைச் சொன்னேன். அவர் என் வருத்தத்தை விட்டுவிட்டு, “நாலரையா? அந்த அரை எதற்கு?” என்று கேட்டார். இந்தியா அரை மணிக் கணக்கு வைத்திருப்பது அவருக்கு ஏதோ கஞ்சத்தனமாகப் பட்டது.

2

நான் இருக்கும் ஊர் லோரியான். பிரான்ஸின் மேற்குக் கரையில், அட்லாண்டிக் கடலோரம். காரைக்காலைப் போலவே இதுவும் துறைமுக ஊர். இரண்டு ஊர்க் காற்றிலும் மீன் நாற்றம் உண்டு. இரண்டு ஊர்க்காரர்களும் அதை நாற்றம் என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். காரைக்காலின் கிளிஞ்சல்மேட்டில் போட் வந்து சேர்ந்ததும் கரையிலேயே ஏலம் நடக்கும், கூச்சல் ரோடு வரைக்கும் கேட்கும். இங்கே ஏலம் விடியுமுன் குளிர்ந்த கூடத்தில் நடக்கிறது. ஆட்கள் வாயைத் திறக்காமல் பொத்தானை அமுக்குகிறார்கள், விலை திரையில் இறங்குகிறது. மீனை வைத்துக்கொண்டு இவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்று நான் இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

வித்தியாசம் சூரியனில்தான் இருக்கிறது. காரைக்காலில் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே சூரியன் இறங்கிவிடும். வருடம் முழுக்க அதே கதை. அதனால் எங்கள் வீடுகளில் யாரும் மணி சொல்லிப் பேசுவதில்லை. “அசருக்கு அப்புறம் வாங்க”, “மஃரிபுக்கு முன்னாடி வந்துடு” என்று தொழுகை நேரத்தை வைத்தே எல்லா ஏற்பாடும் நடக்கும். லோரியானில் டிசம்பர் மாதம் காலை ஒன்பதுக்குத்தான் வெளுக்கும். ஜூன் மாதம் இரவு பத்து தாண்டியும் வெளிச்சம் போகாது. முதல் கோடையில் நான் அரைகுறைப் பிரெஞ்சில் கீழ்வீட்டு மதாமை, சூரியன் இறங்கியதும் டீ குடிக்க வாருங்கள் என்று அழைத்துவிட்டேன். மனதில் இருந்தது காரைக்கால் சூரியன். ஆறு மணிக்கு வடை சுட்டு வைத்துவிட்டு, வரவில்லையே என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் பத்தே காலுக்கு வந்தார், இரவு உடையின் மேல் ஒரு கோட்டு, கையில் கேக். “உங்கள் நாட்டில் ரொம்பத் தாமதமாக டீ குடிப்பீர்களோ?” என்று மரியாதையாகக் கேட்டார். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இன்னமும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.

மணியில் செய்த தவறுகளில் இது சின்னது. பெரியது ஒன்று இருக்கிறது. அதனால் என் கல்யாணமே பொய் என்று ஆகப் பார்த்தது. கடிகாரம் மாற்றும் நாள் வந்தால் அதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

3

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காரைக்கால் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்த ஊர். அவர்கள் போன பிறகும் சில குடும்பங்களுக்கு அந்தக் குடியுரிமை தங்கிவிட்டது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். என் கணவர் ஜாஃபர் ஒரு சொல்தாவின் பேரன். பத்தொன்பது வயதில் பிரான்ஸுக்குப் போய், லோரியானில் மீன் சுத்தம் செய்து வெட்டும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்.

பிரெஞ்சு மாப்பிள்ளை என்றால் எங்கள் ஊரில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் பெண் வீட்டார் செருப்பு நிறையும். கூடவே பேச்சும் நிறையும். என் நிக்காஹ் விருந்தில் பக்கத்துப் பாயில் யாரோ, “பொண்ணு மாப்புள்ளையக் கட்டுதா, நேஷனாலிட்டியக் கட்டுதா” என்று சொன்னது என் காதில் விழுந்தது. பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டேன். ஊர் அப்படிப் பேசும் என்று எனக்குத் தெரியும். எழுதப்படிக்கத் தெரிந்த ஓர் அரசாங்கமும் அதையே கேட்கும் என்றுதான் அப்போது தெரியவில்லை.

நிக்காஹ் நடந்தது ஜூலையில். விடுப்பு முடிந்ததும் இவர் திரும்பிப் போனார். எங்கள் திருமணத்தைப் பிரெஞ்சுப் பதிவில் ஏற்றினால்தான் எனக்கு விசா. ஏற்றுவதற்கு முன் கணவனை அங்கேயும் மனைவியை இங்கேயும் தனித்தனியாக உட்காரவைத்து ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். பதில்கள் பொருந்தினால் கல்யாணம் நிஜம். பொய்க் கல்யாணம் செய்துகொண்டு போனவர்களும் உண்டு என்பதால் அவர்கள் கேட்பதில் தப்பில்லை.

பிரெஞ்சுக் காகித வேலைகளுக்கு ஊரில் அலி நானா என்று ஒருவர் இருந்தார். வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

“என்ன கேப்பாங்கன்னு எனக்கு அத்துப்படிம்மா. பதில எழுதித் தர்றேன், ரெண்டு பேரும் மனப்பாடம் பண்ணிக்கிடுங்க. எதுலயும் மாறக்கூடாது.”

என் வாப்பா இரும்புக்கடை வைத்திருந்தவர், அதிகம் பேசாதவர். அன்றைக்குப் பேசினார். “எம் மவ நெசமாத்தானே கட்டியிருக்கா. உள்ளதச் சொல்றதுக்கு எதுக்கு நானா ஒத்திகை?”

அலி நானா எனக்காக வருத்தப்பட்ட மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

4

அப்போது வீடியோ கால் எல்லாம் இவ்வளவு சுளுவாக இல்லை. இவர் அட்டை வாங்கி, அதன் பின்னால் சுரண்டினால் வரும் நீளமான எண்ணை அழுத்திப் பேச வேண்டும். வேலை காலை ஐந்துக்குத் தொடங்கும். ஒன்பதரைக்கு அரை மணி இடைவேளை. கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்து, ஐஸில் மரத்துப்போன விரலால் அந்த எண்ணை அழுத்துவார். இரண்டு தடவை தப்பாகி மூன்றாவது தடவைதான் மணி அடிக்கும். எனக்கு அப்போது பகல் ஒரு மணி. லுஹர் தொழுதுவிட்டு, சோறு தின்றுவிட்டு, மாடிப்படியில் நாலாவது படியில் உட்கார்ந்திருப்பேன். அந்தப் படியில்தான் சிக்னல் கிடைக்கும். எடுத்ததும் அவர் கேட்பது ஒரே கேள்வி.

“சோறு தின்னாச்சா?”

“தின்னாச்சு.”

பிறகு என்ன குழம்பு என்று கேட்பார். பொரித்த மீன் என்றால் ஒரு நிமிடம் பேச்சே வராது. நாளெல்லாம் மீனோடு நிற்கிற மனிதர், என் உம்மா பொரித்த வாளை மீனுக்கு ஏங்கிப்போவார். எங்களுக்குள் பழக்கம் உண்டானது அந்த அரை மணிகளில்தான். கல்யாணத்துக்கு முன் நாங்கள் பேசிக்கொண்டது மொத்தமாகப் பத்து வாக்கியம் இருக்குமா என்பது சந்தேகம்.

அந்த அக்டோபர் கடைசியில் ஒரு நாள், “நாளையிலேர்ந்து ரெண்டு மணிக்குத்தான் வருவேன்” என்றார்.

“ஏன், வேலை மாத்திட்டாங்களா?”

“வேலை மாறல. கவர்மென்ட்டு மணிய மாத்திட்டாங்க.”

உம்மாவிடம் சொன்னேன். உம்மா அரிவாள்மணையை விட்டு எழுந்தேவிட்டார். “மணிய எப்புடி மாத்துவாங்க? அப்பத் தொழுவுறது எப்புடி?”

“தொழுவுறதுக்குச் சூரியன் இருக்குல்ல உம்மா.”

“அதையும் மாத்திடப் போறாங்க” என்று சொல்லிவிட்டு உம்மா மறுபடி உட்கார்ந்தார்.

எனக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய தொந்தரவாக இருந்தது. முதல் வாரம் பழக்கதோஷத்தில் ஒரு மணிக்கே படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். பிறகு எனக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். என் மணிதான் முன்னே பின்னே ஆகிறது, அவருடைய ஒன்பதரை ஒன்பதரைதான். அதைப் பிடித்துக்கொண்டால் குழப்பமில்லை. நகைக்கடைக் கடிகாரத்தை அவர் ஊர் மணிக்குத் திருப்பிவைத்து என் அறையில் மாட்டினேன். இப்போது எழுந்திருப்பார், இப்போது பஸ் பிடிப்பார் என்று அதைப் பார்த்துக்கொண்டே காரைக்காலில் என் நாள் போனது.

நவம்பரில் புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஐப்பசி அடைமழை. வாப்பாவும் நானும் விடியற்காலை பஸ்ஸில் சீர்காழி, சிதம்பரம் வழியாக நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தோம். ஓர் அதிகாரி, ஒரு மொழிபெயர்ப்பாளர். முதலில் எங்கே பார்த்தீர்கள், கணவர் என்ன வேலை, உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். நான் தடுமாறாமல் சொன்னேன். தினமும் எத்தனை மணிக்குப் பேசிக்கொள்வீர்கள் என்றும் கேட்டார்கள். அதையும் சொன்னேன். வெளியே வந்தபோது வாப்பா குடையை மடக்கிக்கொண்டு, “எல்லாம் சொல்லிட்டியாம்மா?” என்றார். எல்லாம் சொல்லிவிட்டேன் என்றேன். அதே வாரத்தில் இவரையும் லோரியானில் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

அன்றைக்குப் போனில் பேசும்போது, “போன்ல பேசுறது பத்திக் கேட்டாங்களா?” என்றார்.

“கேட்டாங்க. சொன்னேன்.”

“நானும் சொன்னேன்.”

எத்தனை மணி என்று சொன்னீர்கள் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. தினமும் நடக்கிற விஷயத்தை யார் போய்க் கேட்பார்கள்?

5

ஒரு மாதம் கழித்துத் தகவல் வந்தது. இருவரின் பதில்களும் முரண்படுகின்றன, திருமணத்தின் உண்மைத்தன்மை குறித்து மேலும் விசாரிக்க வேண்டும் என்று. எந்தப் பதில் என்று அதில் இல்லை.

அடுத்து வந்த நாட்களை நினைக்க எனக்கு இப்போதும் பிடிக்காது. அந்த அரை மணியில் இப்போது குழம்பு இல்லை, விசாரணைதான். என் படிப்பு என்ன சொன்னீங்க? மாமாவின் பெயரைச் சரியாகச் சொன்னாயா? நிக்காஹ் அன்று நான் கட்டியிருந்த புடவை என்ன நிறம் என்றீர்கள்? பச்சை என்று சொன்னாராம். அது மயில்கழுத்து நிறம். நான் பிடித்துக்கொண்டேன்.

“அதயே ஒழுங்காப் பாக்கலியா நீங்க?”

“நான் ஒன்னப் பாத்தேன், பொடவையவா பாத்தேன்?”

கேட்க நன்றாக இருந்தது. ஆனால் நான் இருந்த இருப்பில் அது எனக்குப் போதவில்லை. “என்ன எங்க பாத்தீங்க, பாத்திருந்தா இப்புடி ஆயிருக்குமா” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. இடைவேளை முடிந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார். மறுநாள் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

விருந்தில் கேட்ட பேச்சு திரும்பத் திரும்ப மனதில் ஓடியது. பக்கத்துப் பாயில் இருந்தவள் சொன்னது ஒருவேளை நிஜமோ, நாங்கள் இருவரும் காகிதத்தில் மட்டும் கல்யாணம் ஆனவர்களோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஐந்து வாரம் சேர்ந்து இருந்தோம், பிறகு அரை மணி அரை மணியாகப் பேசினோம், அவ்வளவுதானே. வாப்பா ஒன்றும் கேட்கவில்லை. அலி நானா கடைப்பக்கம் வந்தால் மட்டும் உள்ளே போய்விடுவார். தன் பிடிவாதத்தால் மகள் வாழ்க்கை நின்றுவிட்டது என்று அவர் நினைத்தார். அது என்னை இன்னும் வதைத்தது.

மூன்றாம் நாள் போன் வந்தது. “சோறு தின்னாச்சா?” என்றார். தின்றிருக்கவில்லை. தின்னாச்சு என்றேன். அழுதுகொண்டே சொன்னதால் அவருக்குத் தெரிந்துவிட்டது. இருவரும் புடவையைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

6

ஜனவரியில் மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை வேறு அதிகாரி, நரைத்த கூந்தலைக் குட்டையாக வெட்டிய பெண்மணி. “உட்காருங்க” என்று தமிழிலேயே சொன்னார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான், ஆனால் எனக்கு அது போதுமான தைரியத்தைக் கொடுத்தது.

மொழிபெயர்ப்பாளர் காகிதத்தைப் பார்த்துச் சொன்னார். “தினம் ஒம்பதரைக்குப் பேசுவோம்னு நீங்க சொல்லியிருக்கீங்க. உங்க கணவர் ரெண்டு மணின்னு சொல்லியிருக்கார்.”

எனக்குப் பாரம் இறங்கியது. “அதுவும் இதுவும் ஒண்ணுதானேங்க. நேர வித்தியாசம் நாலரை மணி.”

அவர் அதைச் சொன்னதும் அதிகாரி தலையை ஆட்டிவிட்டு நீளமாகப் பேசினார். மொழிபெயர்ப்பாளர் முகம் இறுகியது.

“மேடத்துக்கு வித்தியாசம் தெரியும்மா. அதப் போட்டுப் பாத்தும் சரியா வரலேங்கிறாங்க. நீங்க இந்தியாவுல இருக்கீங்க, ஒம்பதரைங்கிறீங்க. அப்ப அங்க விடியக்காலம் அஞ்சு மணி, அவரு வேலைக்குள்ள போற நேரம். அவரு பிரான்ஸ்ல இருக்காரு, ரெண்டுங்கிறாரு. அப்ப இங்க சாயங்காலம் ஆறரை. ரெண்டும் எப்புடிப் பொருந்தும்?”

விரல்விட்டு எண்ணினேன். அந்த மேசையில் உட்கார்ந்துதான் எனக்கு விளங்கியது. என்னைக் கேட்டபோது நான் அவருடைய மணியைச் சொல்லியிருக்கிறேன். அவரைக் கேட்டபோது அவர் என்னுடைய மணியைச் சொல்லியிருக்கிறார். என் அறைக் கடிகாரம் ஓடியது அவர் ஊர் மணிக்கு, எனக்கு வாயில் வந்தது அதுதான். அவரோ, இடைவேளை விட்டதும் காரைக்காலில் இரண்டு ஆகியிருக்கும், தொழுது முடித்துச் சோறு தின்று படிக்கு வந்திருப்பாள் என்று கணக்குப் போட்டபடியே வெளியே வருபவர்.

“நான் சொன்னது அவங்க மணிங்க” என்றேன். “அவங்க சொன்னது என் மணி.”

மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சில் சொன்னார். அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு ஏதோ கேட்டார்.

“இப்ப அங்க மணி என்னன்னு கேக்குறாங்க.”

அந்த அறையில் எங்கே கடிகாரம் இருந்தது என்று நான் பார்க்கக்கூட இல்லை. பதினோரு மணிக்கு என்னை உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். “ஆறே முக்கால் இருக்கும்ங்க. இன்னும் இருட்டாத்தான் இருக்கும். ஐஸ் பெட்டி எறங்குற நேரம். இந்நேரத்துக்கு அவங்களுக்கு எடது கையில ரெண்டு வெரலு மரத்துப்போயிருக்கும்.”

விரல் விஷயத்தை யாரும் கேட்கவில்லை. வாயில் வந்துவிட்டது. அந்த அம்மா சிரிக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. எழுதிக்கொண்டார். வெளியே வந்து வாப்பாவிடம் சொன்னபோது அவர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது சிரிப்பினால். பிறகு பார்த்தால் கண்ணும் நனைந்திருந்தது.

மறுநாள் மாடிப்படியில் இருந்து இவரிடம் சொன்னேன். “எம் மணிய ஏன் சொன்னீங்க?”

“அதுதானே மணி” என்றார்.

பதிவு வசந்தத்தில் வந்தது, விசா கோடையில். நகைக்கடைக் கடிகாரத்தைப் புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியில் கொண்டுவந்தேன். இங்கே வந்ததும் அதன் முள்ளைக் காரைக்காலுக்குத் திருப்பினேன். அன்றைக்கு எனக்குள்ளும் ஏதோ திரும்பிக்கொண்டது. அதற்குப் பிறகு என் வீடு எங்கே இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்து மணியைத்தான் மனம் பார்க்கிறது.

7

இன்று மதியம் சாப்பிடும்போது இந்தக் கதையை ஸஃபியாவுக்குச் சொன்னேன். பாதி தமிழில் தொடங்கினேன். அவளுக்கு எங்கே புரியவில்லையோ அங்கே இவர் பிரெஞ்சில் இட்டு நிரப்பினார். அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள். முடிந்ததும், அந்த அதிகாரி மாதிரி குரலை மாற்றிக்கொண்டு, இல்லாத பேனாவைக் கையில் பிடித்தாள்.

“வாப்பா, நீங்களும் உம்மாவும் இப்ப எப்ப பேசுவீங்க?”

“ஞாயித்துக்கெழம” என்றார் இவர்.

அதே நேரத்தில் நான், “நான் சமைக்கும்போது” என்றேன்.

ஸஃபியா கை தட்டிச் சிரித்தாள். “பொருந்தல. விசா கெடையாது.”

நாங்களும் சிரித்தோம். ஆனால் இவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார், நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு. அவள் சொன்னதில் பொய் இல்லை. இவர் இப்போது அதே கூடத்தில் மேற்பார்வை. நாலுக்கெல்லாம் வேலைக்குப் போய்விடுகிறார், சாயங்காலம் ஏழரைக்கே கண் சொருகிவிடும். நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் இருக்கிறேன். வீட்டுக்கு வரும்போது இவர் தூங்கிக்கொண்டோ தொலைக்காட்சிக்கு முன்னால் தூங்கப்போய்க்கொண்டோ இருப்பார். கரண்ட் பில், ஸஃபியாவின் பல் மருத்துவர், ஊருக்குப் போகும் டிக்கெட் என்று பேச வேண்டியதை எல்லாம் பேசிவிடுகிறோம். சண்டை ஒன்றும் இல்லை. நாலரை மணி தள்ளி இருந்தபோது அவர் விரல் மரத்தது எனக்குத் தெரிந்தது. ஒரே படுக்கையில் இருக்கிற இப்போது, அந்த விரல்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லத் தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பாத்திரம் கழுவும்போது இவர் துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டு நின்றார். தலைக்கு மேல் இரண்டு கடிகாரங்களும் ஓடிக்கொண்டிருந்தன.

8

நேற்று இதோடு முடித்துப் பத்திரிகைக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்று திங்கள்கிழமை, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கிறது.

முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாடு பன்னிரண்டு அடித்தால் மேசைக்கு வந்தாக வேண்டும், இந்த நாட்டில் எது தவறினாலும் அது தவறாது. அதனால் காலையில் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கேரட் சீவிக்கொண்டிருந்தேன். மேலங்கிப் பையில் கைப்பேசி அடித்தது. இவர் பெயர். வேலை நேரத்தில் இவர் கூப்பிடுகிற வழக்கமே இல்லை. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஈரக் கையோடு எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே ஓடினேன். தூறிக்கொண்டிருந்தது.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. இடைவேளை.”

பின்னால் அந்தக் காற்றுச் சத்தம் கேட்டது. துறைமுகத்துக் காற்று. பதினாறு வருடத்துக்கு முன் அட்டை எண்ணை அழுத்திவிட்டு நின்ற அதே கதவுப் பக்கத்தில்தான் நிற்கிறார் என்று தெரிந்தது.

பிறகு அவர் கேட்டார். “சோறு தின்னாச்சா?”

லோரியானில் அப்போது காலை ஒன்பதரை. இந்த ஊரில் யாரும் சோறு தின்கிற நேரமில்லை. காரைக்காலில் லுஹர் முடிந்து, வீடுகளில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள்.

“தின்னாச்சு” என்றேன். “வெரலு மரத்துப்போச்சா?”

“எடது கை மட்டும்” என்றார்.